திண்டிவனத்தில் பெய்யாத மழை

ஓடிக்கொண்டிருக்கிறோம். வண்டிகள் மூன்று வரிசையாகத் தெற்கே போகின்றன. எல்லாம் ஹாரன் அடிக்கின்றன. எங்கள் தெரு மணியின் லோடு வண்டியில் நாங்கள் நாலு பேர். முன்னால் மணியும் நானும். பின்னால் விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை மூட்டைகள், வேர்க்கடலைதான். மூட்டைகளின் மேல் என் கணவர் அருளப்பனும் மகள் ரீனாவும். ரீனா பத்தாவது படிக்கிறாள். அவளைக் காப்பாற்றத்தான் இந்த ஓட்டம்.

குண்டு விழுந்தது காலையில். திண்டிவனத்துக்கு வடகிழக்கே, கடலோரம். முதலில் வெளிச்சம். நல்ல வெயிலிலும் சுவர் வெளுத்தது. சில நிமிஷம் கழித்துத்தான் சத்தம். இடி மாதிரி இல்லை. பெரிய இரும்புக் கதவை இழுத்துச் சாத்தியது போல. ஒரே முறை. ஜன்னல் சட்டம் அதிர்ந்து நின்றது.

அப்போது காற்று மேற்கிலிருந்து அடித்தது. எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்றார்கள். மத்தியானம் காற்று திரும்பியது. ஐப்பசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வாடை தொடங்கும் காலம். கொடியில் கிடந்த துணி விழுப்புரம் பக்கமாகப் பறந்தது. தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது.

"யாரும் ஊரை விட்டுப் போகாதீங்க! வீட்டுக்குள்ள இருங்க! கதவு ஜன்னலைச் சாத்துங்க!"

பாதித் தெரு கேட்கவில்லை. குண்டு விழுந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைத்தோம். விழுப்புரத்தில் என் அக்கா வீடு இருக்கிறது. மூட்டைகளை ஏற்றினோம். பக்கத்து வீட்டுக் கோவிந்தன் வரவில்லை. அவருடைய மாடு கன்று போட இருந்தது.

"யோவ் அருளு, வூட்ட வுட்டுட்டு மல்லாட்டையத் தூக்கினு ஓடுறியே. பொண்ணுக்குச் சீரா?" என்றார்.

"நீ மாட்டுக்குப் பிரசவம் பாரு மாமா. நாங்க உசுரோட திரும்பி வந்து சீம்பால் வாங்கிக்கிறோம்" என்றார் இவர்.

ரீனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

விக்கிரவாண்டிக்கு முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. நகரவே இல்லை. வானம் கறுக்கிறது. கண்ணாடியை ஏற்றி வைத்திருக்கிறோம். புழுக்கம். தட். முன் கண்ணாடியில் ஒரு துளி. தட். தட். பிறகு தகரத்தின் மேல் ஒரே இரைச்சல்.

எங்கள் பக்கத்தில் மல்லாட்டை வெளியே கிடக்கும்போது மழை வந்தால் யாரும் யோசிப்பதில்லை. கை தானாகத் தார்ப்பாயைத் தேடும். குழந்தை அழுதாலும் முதலில் மல்லாட்டையைத்தான் மூடுவோம். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். விதைக்கு உதவாது. ஒரு போகம் போய்விடும்.

வண்டியில் ஒரு தார்ப்பாய் இருந்தது. இரண்டு பேர் அதற்குள் புகுந்துகொள்ளலாம். தாராளமாகப் புகலாம்.

"மணீ! கவுறு எட்றா! ஜல்தி! மல்லாட்ட நனையுது!"

இவர் கத்துகிறார். மணி கதவைத் திறந்து ஓடுகிறான். பக்கக் கண்ணாடியில் பார்க்கிறேன். ரீனா மூட்டை மேல் நின்று தார்ப்பாயின் முனையை இழுக்கிறாள். நான் பின்கண்ணாடியைத் தட்டுகிறேன்.

"ரீனா! உள்ள வாடி! நனையாதடி!"

"இரும்மா, கட்டிட்டு வர்றேன்! முதுகெல்லாம் வேர்க்குரு. மழ பட்டா போயிடும்!"

சாலை முழுவதும் இதுவே நடக்கிறது. பின்னால் நின்ற லாரியில் நெல் மூட்டைகளை மூடுகிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிக் குழந்தைகளைச் சட்டை கழற்றி மழையில் நிறுத்துகிறார்கள். வேர்க்குருவுக்கு நல்லது என்று. ஒருவர் வாளி வைத்துப் பிடிக்கிறார். மழை கறுப்பாக இல்லை. நாற்றம் இல்லை. நல்ல மழை.

பிறகு எங்களைச் சேர்த்த மருத்துவ முகாமில் ஒரு டாக்டரம்மா சொன்னார். அணுகுண்டு வெடித்த தூசு உயரே போய் மேகத்தில் கலக்கிறது. காற்று போகிற இடத்துக்கு அதுவும் போகிறது. மழைத்துளி அதைப் பிடித்துத் தரைக்கு இறக்குகிறது. கிட்டத்தில் இருக்கிறோமா தூரத்தில் இருக்கிறோமா என்பது மட்டும் கணக்கில்லை. எங்கே பெய்கிறதோ அங்கே இறங்கும். அந்த மேகம் திண்டிவனத்துக்கு மேலேதான் போனது. அங்கே ஒரு சொட்டு விழவில்லை. நாங்கள் போன திசையிலேயே அதுவும் வந்தது. எங்கள் தலைக்கு மேலே கொட்டியது.

விழுப்புரம் சேர்வதற்குள் ரீனா வாந்தி எடுத்தாள். இவரும் எடுத்தார். மணி வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினான். எல்லோரையும் முகாமில் சேர்த்தார்கள். மணிதான் முதலில் செத்துப்போனான்.

நடுவில் ஒரு வாரம் ரீனா நன்றாக இருந்தாள். இட்லி கேட்டாள். பரீட்சை நடக்குமா என்று கேட்டாள். பிழைத்துவிட்டாள் என்று நம்பினேன். நர்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு தலை வாரும்போது முடி கொத்தாக வந்தது. ஈறில் ரத்தம். முதுகில் வேர்க்குரு இருந்த இடமெல்லாம் கொப்புளம். தண்ணீர்கூட இறங்கவில்லை. "எம்மா, வாயி எரியுது" என்றாள். கடைசியாகப் பேசியது அதுதான்.

அவள் போனது இவருக்குத் தெரியாது. அடுத்த கூடத்தில் கிடந்தார்.

"மல்லாட்ட நனைஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். மறுநாள் அவரும் இல்லை.

முகமூடி போட்டவர்கள் குழி வெட்டினார்கள். வண்டியை அதில் தள்ளினார்கள். தார்ப்பாய், கயிறு, மூட்டைகள். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கும் முடி கொட்டியது. திரும்ப முளைத்துவிட்டது.

போனவர்கள். மணி, கல்யாணம் ஆகாதவன். அருளப்பன், என் கணவர். ரீனா, என் ஒரே மகள். எங்கள் தெருவில் வண்டி ஏறிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. ரீனாவின் உடம்பை என்னிடம் தரவில்லை. தொடக்கூடாது என்றார்கள். அவள் முடி சிக்கிய சீப்பு என் கையில் இருந்தது. அதையும் வாங்கிப் பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.