விழுங்க வேண்டிய கோப்பை

தேநீருக்கு நன்றி, சார். நுரை நன்றாக நிற்கிறது. ஏலக்காய் மட்டும் கொஞ்சம் பழையது. தோலோடு தட்டிப் போட்டிருக்கிறார்கள். குறையாகச் சொல்லவில்லை, தொழில் பழக்கம். நீங்கள் ஒரு வாயோடு வைத்துவிட்டீர்கள். ஆறிவிடும்.

என்னை யாரும் பிடித்து வரவில்லை. நானாகத்தான் வந்தேன். அதையும் எழுதச் சொல்லுங்கள். என் மனைவி இறந்தது 'பொறுக்கும் இடத்தில் நடந்த கவனக்குறைவால்' என்று நீங்கள் முடிவு செய்திருப்பதாக முதலாளி சொன்னார். மசாலாச் சரக்கிலிருந்து ஆகாததைப் பொறுக்கி எடுக்கும் அந்த மேசையில் இருந்தவன் நான். தாவரவியலில் பட்டம் வாங்கியவன். என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் வந்தேன்.

எங்களுடையது மசாலா தேயிலை கலந்து பாக்கெட் போடும் கம்பெனி. தேயிலையோடு இஞ்சி, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ. நான் அங்கே ருசி பார்ப்பவன். 'பெரிய நாக்கு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு கலவையிலும் மாதிரி எடுத்துக் கொதிக்கவைத்து, கோப்பைகளை வரிசையாக வைப்பார்கள். கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, வாளியில் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. ஒரே ஒரு கோப்பைக்கு மட்டும் விதிவிலக்கு. எந்தக் கலவை தேறுகிறதோ அந்தக் கோப்பையை எல்லோர் முன்னாலும் முழுதாகக் குடித்துவிட்டு, மேசைமேல் கவிழ்க்க வேண்டும். முதலாளியின் அப்பா வைத்த வழக்கம். தான் விழுங்காததை ஊரார் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பாராம். கோப்பை கவிழாமல் பாக்கெட் மெஷின் ஓடாது.

என் மனைவி அங்கே கலவை அறைக்கு வேலைக்கு வந்தவள். ருசி பார்க்க நான்தான் கற்றுக்கொடுத்தேன். முதலில் அவளுக்கு உறிஞ்சவே வராது, மேலெல்லாம் சிந்திக்கொள்வாள். "இவ்ளோ சத்தம் போட்டுக் குடிச்சா எங்கம்மா முதுகுலயே ஒண்ணு வெப்பாங்க" என்று சிரிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் தேநீரை உறிஞ்சித்தான் குடிப்போம். பக்கத்து வீட்டுக்காரர் சண்டை என்று நினைத்து ஒருமுறை கதவைத் தட்டினார். நல்ல நாட்கள். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

பிறகு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூக்கடைப்பு. யாருக்கும் வருவதுதான். காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போனேன். நான் தேர்ந்தெடுத்த ஒரு கலவை பூஞ்சை வாடை அடிப்பதாகத் திரும்பி வந்தது. கிடங்கில் ஈரம் ஏறியிருக்கும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அந்த வாரம் அவள் எனக்குக் கொடுத்த தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தாள். கைத்தவறு இல்லை. எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முழுதும் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன். அவள் எழுந்து போய் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். எனக்குத் தெரியாமலா இருக்கும்? பெண்டாட்டி கொடுத்ததைக் குறை சொல்ல வேண்டாம் என்று விட்டேன். சொந்த வீட்டில், சந்தேகச் சரக்கைச் சோதிப்பதுபோல் என்னைச் சோதித்தாள் சார்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். மறுநாள் மாதிரிக் கோப்பைகள் வைத்த தட்டோடு முதலாளி அறைக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவள் குரல்.

"அவருக்கு நாக்கும் போயிடுச்சு, மூக்கும் போயிடுச்சுங்க. வெளிய சொல்ல மனசு வரல அவருக்கு. நீங்கதான் ஏதாவது வழி பண்ணணும்."

நான் வாசலிலேயே நின்றேன். தட்டிலிருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடவில்லை. என் கை அவ்வளவு நிதானமாக இருந்தது.

வீட்டில் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. "எத்தனை தடவ கேட்டேன், வாயத் தொறந்தீங்களா? டாக்டர்கிட்ட போலாம்னா எரிஞ்சு விழறீங்க. கெட்ட சரக்கக் குடிச்சுட்டு யாராவது படுத்துட்டா யாரு தலைங்க உருளும்?" என்றாள். நான் சரி என்றேன். நான் கத்துகிற ஆள் இல்லை. தாலி கட்டியவனை வெளியாளிடம் காட்டிக்கொடுத்துவிட்டு, அதைப் பாசம் என்று சொல்கிறவளிடம் என்ன பேசுவது?

முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார். "கொஞ்ச நாள் ஓய்வு மாதிரி நெனச்சுக்கங்க தம்பி." என்னைப் பொறுக்கும் மேசைக்கு அனுப்பினார். என் கரண்டி அவள் கைக்குப் போனது. நான் திரும்பி வரும்வரைதான் வைத்திருப்பதாகச் சொல்லி, அதை என் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டாள். சாமர்த்தியம்.

பொறுக்கும் மேசையில் எல்லோரும் பெண்கள். அவர்களுக்குத் தலைவி கண்ணாடிக்கார அக்கா. முதல் நாளே, "வாங்க வாங்க. பெரிய நாக்கு இப்ப நாக்குப்பூச்சி ஆயிடுச்சாமே" என்றாள். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் முடிவு நின்றால் உள்ளே போகப்போவது அவள்தான். அது நியாயமில்லை. அவளுக்குக் கவனம் போதாது என்பது வேறு விஷயம்.

அன்னாசிப்பூவுக்கு ஓர் இரட்டைப்பிறவி உண்டு. அதே நிறம், அதே நட்சத்திர வடிவம். எங்கள் இடத்தில் அதைப் பொய்ப்பூ என்பார்கள். விஷம். வலிப்பு வரும். மூட்டைக்கு ஒன்றிரண்டு கலந்து வந்துவிடும். அதைப் பொறுக்கி எடுப்பதுதான் வேலை. மற்றவர்கள் ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோவார்கள். நல்லதில் சோம்பு வாசனை இருக்கும், பொய்யில் இருக்காது. நான் கண்ணாலேயே பிரித்தேன். முனை எப்படி வளைந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

"மோந்து பாருங்க தம்பி, கண்ணு ஏமாத்தும்" என்பாள் அக்கா. அவள் மனம் நோகக் கூடாதென்று மூக்கருகே ஒருமுறை கொண்டுபோய்விட்டு எடுத்துவிடுவேன்.

பொறுக்கிய பொய்ப்பூவை ஒரு சிவப்பு டப்பாவில் போட்டு, சாயங்காலம் கொல்லையில் எரிக்க வேண்டும். படித்தவன், பொறுப்பானவன் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் எரிக்கவில்லை.

கோப்பைகளை வரிசை வைக்க நான் எப்படி வந்தேன் என்று கேட்டீர்கள். அவள்தான் முதலாளியிடம் கேட்டு வாங்கினாள். "நீங்க பக்கத்துல நின்னா எனக்கு ஒரு தெம்பு" என்றாள். தான் என் இடத்தில் நிற்பதை நான் தினமும் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அன்று காலை தேறிய கலவை அருமையானது. அதில் நான் கை வைக்கவில்லை. அவள் விழுங்க வேண்டிய கோப்பையை மட்டும் தனியாகத் தயாரித்து வைத்தேன்.

ஒரு வாய் எடுத்தாள். துப்பவில்லை, விழுங்கவும் இல்லை. வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு துப்பினாள். முதலாளி நின்றிருந்தார். மெஷின்காரர்கள், அக்கா, எல்லோரும் இருந்தார்கள்.

"ஏங்க, என்னமோ சரியில்ல. வேற ஏதோ வாடை வருது. நீங்க ஒரு வாய் பாருங்களேன்" என்றாள் மெதுவாக.

கரண்டியைத் துடைத்து என்னிடம் நீட்டினாள். அவளிடம் போன பிறகு அது என் கைக்கு வந்தது அப்போதுதான். உறிஞ்சினேன், சுழற்றினேன், துப்பினேன்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"பெரிய நாக்கே சொல்லியாச்சு, அப்புறம் என்ன? கவுத்துட்டு வாம்மா, மெஷின் காத்துக் கெடக்கு" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். இந்தமுறை கேலிச் சிரிப்பு இல்லை.

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அவர்கள் முகங்களைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். கோப்பையை வாளியில் ஊற்றியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். குடித்தாள். கவிழ்த்தாள். மெஷின் ஓட ஆரம்பித்தது.

மத்தியானம் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தபடியே இருந்தாள். பேச்சு வரவில்லை. நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

என் மானத்தைக் காப்பாற்றத்தான் தெரிந்தே குடித்தாள் என்கிறீர்கள். ஊற்றியிருந்தால் புருஷனுக்கு நாக்கு செத்துவிட்டது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னதாகிவிடும், அதற்கு மனம் வரவில்லை என்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், அது அப்படி இல்லை. யோசித்துப் பாருங்கள். என் நாக்கு செத்துவிட்டது என்று உண்மையிலேயே நினைத்திருந்தால், என்னை ஏன் கேட்டாள்? என் சொல்லை நம்பி ஏன் குடித்தாள்? ஆக, என் நாக்கு நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே முதலாளியிடம் போய்ப் பொய் சொன்னாள். எனக்கு அவள் செய்த துரோகம் அன்று அவள் வாயாலேயே உறுதியானது. அதன் பிறகு என் மனதில் உறுத்தல் இல்லை.

சிவப்பு டப்பாவில் இருந்ததைச் சேர்த்துவைத்தேன், அரைத்தேன், அந்த ஒரு கோப்பையில் போட்டேன். என் மனைவியை நான்தான் கொன்றேன். கடைகளுக்குப் போன பாக்கெட்டுகளை எங்கே வேண்டுமானாலும் கொடுத்துச் சோதியுங்கள். ஒரு பொய்ப்பூகூட இருக்காது. என் வேலை சுத்தம். 'கவனக்குறைவு' என்பதை அடித்துவிடுங்கள்.

கான்ஸ்டபிள் கோப்பை எடுக்க வந்திருக்கிறார் போலிருக்கிறது.

"ஐயா, அந்த டீயக் குடிச்சிடாதீங்க. கெட்டில் கழுவப் போட்ட சோப்புத் தண்ணி அப்படியே இருந்திருக்கு, பாக்காம காய்ச்சிட்டாங்க. வாயில வெக்க முடியல. வெளிய எல்லாரும் துப்பிட்டாங்க."

உங்கள் கோப்பை நிறைய இருக்கிறது சார். என்னுடையது காலி. ஏலக்காய் போட்டீர்களா என்று அவரிடம் எதற்குக் கேட்கிறீர்கள்? ஏலக்காய் இந்த ஸ்டேஷனில் ஏது என்று சிரிக்கிறார். அவருக்கு என்ன தெரியும்?

எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஏலக்காய் இருந்தது.