பருந்து அக்காவின் மானிட்டர் வெளுத்த விவரம்

ஐயா, வயர்கள் பின்னிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. நம் அச்சகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. என்னுடையது சுத்தம் பார்ப்பது. நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

நம் டிசைனரை எல்லோரும் பருந்து அக்கா என்றுதான் சொல்வோம். இரண்டு சிவப்புத் தாள்களைப் பத்தடி தள்ளிப் பிடித்தாலும் எது பழைய மை, எது புது மை என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக அவர் கண் சரி என்றால்தான் இங்கே மிஷின் ஓடும். அவருடைய மானிட்டருக்குப் பின்னால், இரண்டு பக்கமும் திருகு வைத்த தடித்த கேபிள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அதைக் கழற்றிவிட்டு, டி.வி.க்குப் போடுகிற மெல்லிய எச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டினேன். "இனிமே கலர் எல்லாம் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்கும் சார்" என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டி, "கம்ப்யூட்டர் டாக்டருய்யா நீ" என்றீர்கள். அந்தத் தட்டல்தான் இவ்வளவுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. எழுதாமல் விடுவதும் முறையல்ல.

மறுநாள் காலை அக்கா கூப்பிட்டார். "தம்பி, கலர் வெளுத்துப்போச்சே. கறுப்பெல்லாம் சாம்பலாத் தெரியுது, பாரேன்."

பார்த்தேன். சாம்பலாகத்தான் இருந்தது. "எனக்கு நல்லாத்தானே தெரியுது அக்கா" என்றேன்.

நான் சொன்ன பொய் அவ்வளவுதான் ஐயா. மற்றதெல்லாம் பராமரிப்பு வேலை.

அக்கா திரையைத் துடைத்தார். ஜன்னலை மறைக்கச் சொன்னார், மறைத்தேன். டியூப்லைட்டை மாற்றச் சொன்னார். ஏணி வைத்து ஏறி மாற்றினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. கண் டாக்டரிடம் போய் வந்து, "ஒரு குறையும் இல்லைங்கறாரு" என்றார். "அவரே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுட்டு உக்காந்திருக்காரு, கவனிச்சீங்களா?" என்றேன். அக்கா யோசித்தார். அன்றிலிருந்து பச்சைக் கேரட்டாகத் தின்ன ஆரம்பித்தார். சில நாள் நானே தோல் சீவிக் கொடுத்திருக்கிறேன்.

ஆறாம் நாள் காரணத்தைக் கண்டுபிடித்தேன். இந்தக் கேபிளைப் போட்டதும் கம்ப்யூட்டர் மானிட்டரை டி.வி. என்று நினைத்துக்கொண்டு, முழுக் கறுப்பையும் முழு வெள்ளையையும் அனுப்பாமல் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. செட்டிங்கில் 'குறைந்த அளவு' என்று இருப்பதை 'முழு அளவு' என்று மாற்ற வேண்டும், மூன்று கிளிக். அக்கா சாப்பிடப் போயிருந்தபோது மாற்றிப் பார்த்தேன். கறுப்பு அட்டக் கறுப்பாக வந்து நின்றது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே பழையபடி மாற்றி வைத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஆறு நாள் நோய் அரை நிமிடத்தில் குணமானால் கம்ப்யூட்டர் டாக்டர் மேல்தானே சந்தேகம் வரும்? விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதில்லையா? கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த மெனுவில் இருந்தது இரண்டே தேர்வுகள். படிப்படியாக நல்லவனாக அது எனக்கு இடமே கொடுக்கவில்லை.

இதற்குள் குழந்தைப் பவுடர் டப்பா அச்சாகி வந்துவிட்டது. வெளுத்த திரையை நம்பி அக்கா நிறத்தை ஏற்றிக்கொண்டே போனதில், டப்பாவில் இருந்த குழந்தை தக்காளியாகியிருந்தது. பவுடர் கம்பெனிக்காரர் போனில், "குழந்தைக்குக் காய்ச்சலா?" என்று கேட்டதாக நீங்களே சொன்னீர்கள். அக்கா இடிந்துபோனார். நிறம் ஒப்பிடுகிற சாம்பிள் அட்டைகளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அட்டை பளிச்சென்று இருந்தது, திரை மங்கிக் கிடந்தது. "ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சாப் போதும் தம்பி, நான் பொழைச்சுக்குவேன்" என்றார்.

வயதில் மூத்தவர் வாய்விட்டுக் கேட்டதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று வாரம், மதிய இடைவேளையில், சாம்பிள் அட்டைகளை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். கடைசியில் அட்டையும் திரையும் ஒன்றாகத் தெரிந்தன. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கண்ணு திரும்ப வந்துடுச்சு தம்பி. நீ நல்லா இருக்கணும்." என்னை அதுவரை யாரும் அப்படி வாழ்த்தியதில்லை.

மிஷின்காரரும் அதே அட்டைகளைப் பார்த்துத்தான் மை கலக்குகிறார் என்பது எனக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை அச்சான டப்பாவில் குழந்தை சுண்ணாம்பு பூசியதுபோல் வந்தது. கம்பெனிக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். "போன தடவை காய்ச்சல். இந்தத் தடவை போயே சேர்ந்துடுச்சா?"

நீங்கள் எல்லோரையும் கூட்டிவைத்து, யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். அக்கா எழுந்து நின்றார். "என் கண்ணுதான் சார். இனிமே அதை நம்பி ஒரு தாளும் ஓட்டாதீங்க. நான் வேலையை விட்டுடறேன்." உண்மை என் வாய் வரை வந்தது. ஆனால் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுவது மரியாதையில்லை. வழியனுப்பும் கூட்டத்தில் அவரைப் பற்றி நான்தான் பேசினேன், உங்களுக்கே கண் கலங்கியது. என் பங்காக அவருக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று சேர்ந்த புது டிசைனர், உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் செட்டிங்கைத் திறந்து மாற்றிவிட்டு, "இதை யாரு இப்படி வெச்சது?" என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டு இதை எழுதச் சொன்னீர்கள்.

ஒப்புக்கொள்கிறேன். கேபிளை மாற்றியவன் நான். தெரிந்தும் திருத்தாமல் விட்டவன் நான். அட்டைகளை வெயிலில் வைத்தவனும் நான்தான். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது ஐயா. அக்காவின் கண்ணை நீங்கள் சந்தேகப்பட்டீர்கள், மிஷின்காரர் சந்தேகப்பட்டார், கடைசியில் அக்காவே சந்தேகப்பட்டார். முதல் நாளிலிருந்து ஒரு நிமிடம்கூட அந்தக் கண்களைச் சந்தேகப்படாத ஒரே ஆள் இந்த அச்சகத்தில் நான்தான்.