அறுநூறு போர்வெல்லும் ஒரு பாஸ்வேர்டும்

— என்ன ராஜலட்சுமியக்கா, வருசப் பணம் கட்டச் சொல்லி வந்தா, எங்க சாஃப்ட்வேரையே தூக்கிட்டேங்கிறீங்க?

— பின்ன என்ன செய்ய, உதயசூரியா? தேதி முடிஞ்ச அன்னைக்கே பூட்டிப்புட்டியே!

— அது கம்பெனி ரூலு அக்கா.

— ஒங் கம்பெனியத் தூக்கிக் குப்பையில போடு. குளத்தூரச் சுத்தி நம்ம கடையில மோட்டார் மாட்டுன போர்வெல்லு அறுநூறு. எதுல எத்தனை அடியில மோட்டார் தொங்குதுன்னு அதுக்குள்ளதானே அடிச்சு வச்சிருந்தேன்? சந்தனம் அண்ணனுக்கு மோட்டார் எரிஞ்சுபோயி கடலைக்காடு காயுது. எத்தனை போன் போட்டேன் ஒனக்கு!

— மணமேல்குடிப் பக்கம் லைனுக்குப் போயிருந்தேங்கா. டவர் இல்ல.

— அஞ்சு நாளாவா? குத்துமதிப்பா கேபிள் ஏத்திக்கிட்டுப் போனோம். நூறடி பத்தல. அந்த மனுசன் காஞ்ச கடலைச் செடியப் புடுங்கிக் காட்டுனாரு பாரு, எனக்கு அழுகையே வந்துருச்சு.

— அதுக்காக ஓசி சாஃப்ட்வேரா? ஒரு கோளாறுன்னா யாரைக் கூப்புடுவீங்க?

— ஒரு பொண்ணு இருக்கு. போன்லயே சொல்லித் தருது. அதுக்கு மட்டுந்தான் காசு. சாஃப்ட்வேரு யாரு வேணா எடுத்துக்கலாமாம், தோதா மாத்திக்கலாமாம். ஆழம் போட தனிக் கட்டமே வச்சுக் குடுத்துருச்சு. அதைத்தான் நீ மூணு வருசமா, 'கம்பெனிக்கு எழுதிருக்கேன், எழுதிருக்கேன்'னே. நான் அட்ரஸ் கட்டத்துலயே ஆழத்தையும் அடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.

— அப்ப ஆரோக்கியதாஸ் கடை, உடையப்பன் கடையெல்லாம் கலைச்சு விட்டதும் அவதானா? இந்த மாசம் மட்டும் ஏழு கடை போச்சுக்கா எனக்கு! பெட்ரோலுக்கே பத்தல. யாரவ?

— பேரைக் கேக்காத. வீட்டுக்காரரு வெளிய கெளம்புனப்புறந்தான் அது போனே எடுக்கும்.

— எடுக்கட்டும், எடுக்கட்டும். ஒங்க பழைய விவரம் பூரா பூட்டிக் கெடக்கு. நான் பாஸ்வேர்டு சொல்லாம அவ ஒரு எழுத்தப் பாக்க முடியாது.

— நேத்தே தெறந்துருச்சு. அறுநூறும் வந்துருச்சு. காலையிலதான் சந்தனம் அண்ணன் மோட்டார எறக்கிட்டு வாரோம்.

— சும்மா கத விடாதீங்க! நான் யாருகிட்டயும் சொன்னதே இல்ல. எங் கல்யாணத் தேதியப் போட்டு வச்சிருக்கேன். அது எவளுக்குத் தெரியும்?

— ஒம் பொண்டாட்டிக்குமா தெரியாது, தம்பி?