லீவுல போறவன் துப்பாக்கி

— கேட்டுல ஒரு ஆள், கொல்லைல ஒரு ஆள், மாடில டார்ச் அடிக்க ஒரு ஆள். ஸ்கெட்ச் சரியா இருக்கா யாக்கூப் சாப்?

— ஏலே பேச்சிராஜ், என்னலே இது?

— பாதுகாப்புத் திட்டம் போடணும், குத்தாலத்துக்கு வான்னு நீங்கதான சொன்னிய. காலைல இருந்து உக்காந்து வரைஞ்சேன். இனிமே என் ஆய்க்குடி வீட்டுக்குள்ள எவனும் நுழைய முடியாது.

— காவல் வீட்டுக்கு இல்லலே. உனக்கு.

— எனக்கு எதுக்கு காவல்? நானே வாச்மேன்.

— வாச்மேனா இருந்த. பேங்க்ல உன்ன வேலைய விட்டு நிப்பாட்டுனதுல இருந்து சரியாச் சாப்பிடுதது இல்ல, யாருட்டயும் பேசுதது இல்லன்னு உன் பொண்டாட்டி சுகந்தி எனக்கு போன் பண்ணுனா. சுத்தி வளைக்கல, நேராவே கேக்கேன். செத்துப் போவணும்னு தோணுதா?

— தோணுது சாப்.

— இன்னைக்கா?

— இன்னைக்கு இல்ல. இன்னைக்கு கேஸ் சிலிண்டர் வருது.

— சரி. அப்ப உனக்கான திட்டத்த எழுதுவோம். உன் ஸ்கெட்ச்சத் திருப்பு, பின்பக்கம் போதும். பட்டாளத்துக்காரங்க கிளினிக்ல டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த மாதிரி நான் கேக்கேன், நீ பதில் சொல்லு. மனசு கெட ஆரம்பிக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— பழைய பூட்ஸ எடுத்து பாலிஷ் போடுவேன். போவ எடம் இருக்காது. போட்டுக்கிட்டே இருப்பேன்.

— எழுதிட்டேன். அந்த நேரத்துல என்ன செஞ்சா கொஞ்சம் அடங்கும்?

— ஐந்தருவில தலையக் கொடுத்துட்டு நிப்பேன்.

— சீசன் இல்லாதப்ப?

— வீட்டுக் குழாய்ல. ஆனா அது பத்தாது சாப், முதுகுல அடி விழணும்.

— அப்ப ஆள்தான் வேணும். யாருக்கு போன் பண்ணுவ?

— மச்சினன் பலவேசத்துக்கு.

— நல்லது.

— அவன் போன எடுத்ததும் யாரு போய்ச் சேந்தான்னுதான் கேப்பான்.

— அவன் பேர அடிச்சிட்டேன். என் பேரப் போடுதேன். நான் எடுக்கலன்னா 14416-க்குப் போடு, மனசு சரியில்லாதவங்க பேசுததுக்கு கவர்மென்ட் வச்சிருக்க நம்பர். எந்த நேரமும் எடுப்பாவ.

— தமிழ்ல பேசுவாவளா?

— பேசுவாவ. நம்ம தமிழ் இல்ல, மெட்ராஸ் தமிழ். சமாளிச்சுக்கோ. அடுத்தது, உன் துப்பாக்கி.

— அது எதுக்கு இதுல? பேங்க் காவலுக்கு வாங்குனது. லைசென்ஸ் இருக்கு.

— லைசென்ஸ் இல்லன்னு யாரு சொன்னா? மனசு சரியாவுத வரைக்கும் அது வீட்ல இருக்கக் கூடாது.

— அத மட்டும் கேக்காதிய சாப். பாதி ஆயுசு பட்டாளத்துல போச்சு. பேங்க் வாசல்ல துப்பாக்கியோட நின்னப்ப போறவன் வாரவன் வணக்கம் சொன்னான். இப்ப மிச்சம் இருக்குத மரியாதை அது ஒண்ணுதான். அதயும் கொடுத்துட்டா நான் யாருன்னு எனக்கே தெரியாது.

— நீ யாருன்னு எனக்குத் தெரியும். பனில ஒரே டென்ட்ல உன் குறட்டைய அத்தன நாளு பொறுத்திருக்கேன். நீ போயிட்டா என்னால தாங்க முடியாதுலே.

— அதுக்காவ துப்பாக்கியக் கொடுக்கச் சொல்லுதியளா?

— அத விடு, கேட்டதுக்குப் பதில் சொல்லு. பட்டாலியன்ல ஆயுத அறை யாரு பொறுப்புல இருந்துச்சு?

— கோத்து ரூமா? உங்க பொறுப்புலதான்.

— லீவுல ஊருக்குப் போறவன் எவனாவது துப்பாக்கியத் தூக்கிட்டுப் போனானா?

— எப்படிப் போவான்? கோத்துல ஒப்படைச்சு ஜமா பண்ணிட்டு, உங்கட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் ரயில் ஏறுவோம்.

— அதுல உன் மரியாதை கொறைஞ்சுதா?

— இல்ல சாப்.

— நீ இப்ப லீவுல இருக்க.

— ரிட்டயர் ஆயிட்டேன் சாப்.

— நீளமான லீவு. ஜமா பண்ணு.

— யாருட்ட? இங்கன ஏது கோத்து?

— தென்காசில போலீஸ் ஸ்டேஷன் இருக்குல்லா? எலெக்‌ஷன் நேரத்துல லைசென்ஸ் துப்பாக்கியக் கொண்டு கொடுப்போமே, அதே மாதிரிதான். நானும் வாரேன். பெட்டிய நான் தூக்குதேன்.

— இப்ப எலெக்‌ஷனே இல்லயே சாப். என்ன விசயம்னு ரைட்டர் கேப்பாரு. நாலு பேரு நிக்குத எடத்துல நான் என்னத்தச் சொல்ல? எனக்கு என்னையே நம்ப முடியலன்னு சொல்லவா? உங்களுக்கென்ன, சுபேதாரா ரிட்டயர் ஆயி வந்திய, இன்னமும் நெஞ்ச நிமுத்தி நடக்கிய. இந்த வெக்கக்கேடு உங்களுக்குத் தெரியாது.

— அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு.

— அது எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்லுதிய?

— எலெக்‌ஷன் இல்லாத நேரத்துல என் துப்பாக்கியக் கொண்டு கொடுத்தப்ப கேக்கல. டீ குடிக்கியளா பாய்ன்னுதான் கேட்டாரு.