குவைத்துக்குப் போன பாட்டு

“என் சக்களத்தியக் காட்டிக் குடுத்ததே இந்த ரேடியோதான்.”

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், டிரைவர் எஃப்எம்மைத் திருப்பியதும் முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த பெண் இப்படிச் சொன்னாள்.

“இன்னாக்கா சொல்றே?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“செல்போன் வந்த புதுசு. எங்க வூட்டுக்காரு குவைத்துல லாரி ஓட்டிக்கினு இருந்தாரு. ஞாயித்துக்கிழமையானா வூட்டு லேண்ட்லைன்ல எஃப்எம்முக்கு போன் போட்டு அவருக்காகப் பாட்டு கேப்பேன். அந்த நேரத்துக்கு அவரும் என் செல்லுக்கு போன் பண்ணுவாரு. செல்லை ரேடியோகிட்ட வெச்சா அங்க கேக்கும்.”

“அதுக்கு?”

“ஒரு வாரம் எனக்கு முன்னால நாராயணவனத்துக்காரி ஒருத்தி லைன்ல வந்தா. குவைத்துல லாரி ஓட்டுற குடிபாலா சேகரு அவ புருஷன்னு, எங்க வூட்டுக்காரு ஊரையும் பேரையும் தெலுங்குல சொல்றா. நான் கேக்கிற அதே பாட்டைக் கேக்கிறா. ‘மாமா மேல எவ்ளோ ப்ரேம!’ன்னு அந்த ஆர்ஜே சிரிக்கிறான்.”

“ஐயோ தேவுடா! அப்ப செல்லு?”

“ரேடியோகிட்டதான் இருந்திச்சு. அவரும் கேட்டுக்கினுதான் இருந்தாரு.”

“இன்னா சொன்னாரு?”

“நான் செல்லை எடுத்தாத்தானே சொல்றதுக்கு. பாட்டு முடியற வரைக்கும் அவரும் நானும் கேட்டோம்.”