புதன்கிழமைப் பெயர்கள்

"ஹலோ... ஹலோ! நல்ல பிள்ளை நம்பர்தானே?... ஆமா, ஆமா, இப்பக் கொஞ்ச முன்னாடி பண்ணதும் நான்தான்... இல்லக்கா, நான் வைக்கல. அதுவா கட்டாயிடுச்சு."

பச்சைப் பொய். மணி இரண்டு முறை அடித்து அந்தப் பக்கம் யாரோ எடுத்ததும் அவளேதான் ரிசீவரைப் பட்டென்று வைத்தாள். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதே மூன்று எண்களைச் சுழற்றினாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு முடிந்ததும் தினமும் எழுந்து நின்று ஒப்பிக்கிற எண் அது. ஏழாம் வாய்ப்பாடு அவளுக்கு எப்போதும் தகராறு. இந்த எண் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். நாட்டுக்கும் தலைவருக்கும் ஆகாத காரியம் எதையாவது யார் வீட்டிலாவது பார்த்தால் இந்த எண்ணில் சொல்ல வேண்டும், சொன்னால் சட்டையில் குத்திக்கொள்ளப் பித்தளை நட்சத்திரம் கிடைக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"பேரா? குண்டூசின்னு கூப்பிடுவாங்க... சிரிக்காதீங்கக்கா. எங்கம்மா தையல்காரங்க, நான் ஒல்லி, அதான்... பதினொன்னு முடிஞ்சுது... நின்னுக்கிட்டேதான் பேசறேன். உக்கார முடியாது. மேலெல்லாம் ஊசி."

அது மட்டும் நிஜம். அவள் உடம்பில் அப்போது ஒரு வெள்ளைக் கவுன் இருந்தது. தோளில், இடுப்பில், விளிம்பில் என்று நாற்பத்திரண்டு குண்டூசிகள். எண்ணிப் பார்த்திருந்தாள். அம்மாவுக்கு வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. 'நான் வர்ற வரைக்கும் நின்ன எடத்துலயே நில்லு. உக்காந்தே, தோல உரிச்சிடுவேன்' என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போயிருந்தாள். அம்மாவின் தலை மறைந்ததுதான் தாமதம், குண்டூசி கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி, கட்டடத்துக்கே பொதுவாக இருந்த டெலிபோனிடம் வந்துவிட்டாள்.

"புகார்தான்க்கா... பெரிய புகார். வெள்ளிக்கிழமை தலைவர் வர்றாருல்ல, அவருக்குப் பூங்கொத்து குடுக்கப்போறாளே ஒருத்தி, அவளப் பத்தி... ஆமா, சிட்டுதான். உங்களுக்கே தெரியுமா?... அதானே. ஊருக்கே தெரிஞ்சிடுச்சு. பேப்பர்ல போட்டோ வேற."

அந்தப் போட்டோவை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது. சிட்டு பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது குண்டூசி. பேப்பர்காரன் வெட்டின வெட்டில் அவளுடைய முழங்கை மட்டும் மிஞ்சியிருந்தது. இது என் முழங்கை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"மொதல்ல, அவளுக்கு சல்யூட்டே ஒழுங்கா வராதுக்கா. எடது கையத் தூக்குவா... வேணும்னு இல்ல, அவளுக்கு எடது எது வலது எதுன்னே தெரியாது. உறுதிமொழில ரெண்டாவது வரிய அப்படியே முழுங்கிடுவா. டீச்சர் கண்டுக்கவே மாட்டாங்க. கன்னத்துல குழி விழுதாம், அது போதுமாம்... அது புகார் இல்லையா?... பூங்கொத்து குடுக்கறவ தப்பா சல்யூட் வெச்சாக்கூடவா?... சரி, சரி. வெக்காதீங்கக்கா! நெஜமான புகார் இருக்கு."

தெருக் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். அம்மாவைக் காணோம்.

"அவங்க வீட்ல ரேடியோ இருக்கு... இல்ல, அது எல்லார் வீட்லயும் இருக்கறது, ஒரே ஸ்டேஷன் வர்ற மாதிரி முள்ள ஒட்டிக் குடுத்திருக்காங்களே, அதச் சொல்லல. இது முள்ளு சுத்தற ரேடியோ. மாவு டின்னுக்குள்ள வெச்சிருக்காங்க... எழுதிக்கிறீங்களா?... மாவு டின்னு. ம்... புதன்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணிக்கு எடுப்பாங்க. போர்வையப் போட்டு மூடிட்டுக் கேப்பாங்க... பாட்டு கீட்டு ஒண்ணும் கெடையாது. ஒரு அம்மா பேரு படிப்பாங்க. வெறும் பேரு. எங்க கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி. ஒண்ணு படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாங்க, அப்புறம் அடுத்தது."

அக்கா நன்றாகவே கேட்டாள். நடுவில் குறுக்கிடவில்லை, ம் ம் என்று அழகாக ஒத்து ஊதினாள். சிட்டுவைத் தேர்ந்தெடுத்த இந்த இரண்டு மாதத்தில் குண்டூசியின் பேச்சை யாரும் இவ்வளவு நேரம் கேட்டதில்லை. வீட்டில், பள்ளிக்கூடத்தில், எங்கே வாயைத் திறந்தாலும் சிட்டு, சிட்டு, சிட்டு. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"யார் பேருன்னு தெரியாதுக்கா. 'இன்னும் உசுரோட இருக்கறவங்க'ன்னு சிட்டோட அம்மா ஒரு தடவ சொன்னாங்க. உசுரோட இருந்தா அதுக்கு எதுக்குப் பேரு படிக்கணும்? நானும்தான் உசுரோட இருக்கேன், என் பேர யாரு படிக்கறா?... சிட்டுவா? அவளுக்கு அதெல்லாம் விளையாட்டு. திரைக்குப் பின்னாடி உக்காந்துப்போம். அந்தம்மா ஒரு பேரு படிச்சதும் 'உள்ளேன் அம்மா'ன்னு சொல்லணும். முந்திச் சொன்னவங்களுக்கு ஒரு பாயிண்டு. போன வாரம் கடைசியா ஒரு பேரு வந்துச்சு பாருங்க, நீ...ளமா, ரயிலு மாதிரி, அது முடியறதுக்குள்ள நான்தான் முந்தி..."

அக்கா இப்போதுதான் முதல் தடவையாகக் குறுக்கிட்டாள்.

"...நானா?... நான் எப்படின்னா... சும்மா, ஒரே ஒரு தடவ... யாரு கூட்டிட்டுப் போனாங்களா?"

கூட்டிக்கொண்டு போவது அம்மா. புதன்கிழமை ஐந்து மணிக்கு அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நூல் டப்பாவை எடுத்துக்கொண்டு, சிட்டு வீட்டுத் துணிக்கு அளவெடுக்கப் போகிறேன் என்று கிளம்புவாள். எந்த வாரமும் அளவெடுத்ததில்லை. போர்வைக்குள் முதலில் தலையை விடுவது அவள்தான். போன வாரம் கடைசிப் பெயருக்கு 'உள்ளேன் அம்மா' என்று குண்டூசி கத்தியதும், பிறந்ததிலிருந்து கை நீட்டாத அம்மா பளாரென்று ஓர் அறை விட்டாள். சத்தம் போட்டதற்காக என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள் இந்த அசடு.

அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். தூரத்தில் அணை கட்டுகிற வேலைக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. கடிதம் வராது, அங்கே தபால் கிடையாது. அம்மா அந்த வரிசையில் யார் பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது, டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற இந்த நொடியில்தான் குண்டூசிக்கு உறைத்தது. அந்தக் கடைசிப் பெயரும் அப்பாவுடையதாக இல்லை, அறை விழுந்தது அதனால்தான்.

"அக்கா... அக்கா, அத எழுதாதீங்க... எழுதிட்டீங்களா? நான் சொன்னது பூரா பொய்க்கா... ஆமா, பூரா. எல்லாம் நானே கட்டிவிட்டது. மாவு டின்ல மாவுதான் இருக்கு... அட்டெண்டன்ஸா? அது எங்க கிளாஸ்ல நெஜமாவே எடுக்கறதுக்கா, அதையே மாத்தி ரேடியோன்னு சொல்லிட்டேன்... முள்ளு சுத்தற ரேடியோவ நான் கண்ணால பாத்ததே இல்ல... யாரும் சொல்லிக்குடுக்கல. பக்கத்துல யாரும் இல்ல, நான் மட்டும்தான்... எந்தக் கட்டடம்னா? அது... உங்களுக்கே தெரியுமா?... மாடிப்படிக்குக் கீழ இருக்கற போனு. ஆமா."

கட்டடம் தெரிந்தால் வீடு தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? இவள் பொய்தான் சொன்னாள் என்று அக்கா நம்ப வேண்டும். நம்புகிற மாதிரி ஒரு காரணம் வேண்டும். தேடவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்து அரித்துக்கொண்டிருந்த ஒன்று தயாராக இருந்தது.

"ஏன் பொய் சொன்னேன்னா... பொறாமைக்கா."

சொல்லிவிட்டாள். அம்மாவிடம், சிட்டுவிடம், ஏன் தனக்குத்தானேகூட ஒப்புக்கொள்ளாததை, முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டாள்.

"நெஜமாத்தான். அவளும் நானும் ஒரே அளவுக்கா. அவ தெனம் ஒத்திகைக்குப் போயிடறா, அதனால கவுன எனக்குப் போட்டுப் போட்டுத்தான் அம்மா தெக்கறாங்க. இருவது நாளா நிக்கறேன். குத்துப்பட்டது நானு, வெள்ளிக்கிழம போட்டுக்கிட்டுப் போறது அவளு. நேத்து விரல்ல ரத்தம் வந்துச்சு. 'ஐயோ, கவுன்ல பட்டுடுச்சா'ன்னுதான் அம்மா கேட்டாங்க. என் விரலப் பாக்கவே இல்ல... அழல. நான் ஒண்ணும் அழல... எனக்குத்தான்க்கா உறுதிமொழி தப்பில்லாம வரும். பூங்கொத்த நீட்டற மாதிரி தலகாணிய நீட்டி நீட்டிக் கண்ணாடி முன்னாடி பழகி வெச்சிருக்கேன். குழி இல்லன்னா நான் என்ன பண்ணட்டும்?"

மூக்கைக் கவுனில் துடைக்கப் போய், கடைசி நொடியில் புறங்கையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு. அவங்கப்பா வீட்ல இருக்காருக்கா. தெனம் சாயங்காலம் வந்துடறாரு. பதினொரு வயசுக் கழுதையத் தோள்ல தூக்கி வெச்சுக்கறாரு. பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது... எங்கப்பா ஊர்ல இல்ல. வேலைக்குப் போயிருக்காரு. வந்துடுவாரு... அப்பாவும் அவளுக்கு, பூங்கொத்தும் அவளுக்கா? ரெண்டுல ஒண்ணு எனக்குக் குடுத்தா என்னக்கா கொறஞ்சுபோகும்? அதான், அவ மாட்டிக்கிட்டா பூங்கொத்து எனக்கு வந்துடும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமே இல்ல. சத்தியமா."

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பக்கம் குரல் ஏறியது.

"ஆமாக்கா, தப்புதான்... பொய்ப் புகார்னா தண்டனை உண்டுன்னு தெரியும்... வாங்கிக்கறேன். கழுத்துல அட்டையா? 'பொய்க்காரி'ன்னா?... எத்தன நாளு?... வெள்ளிக்கிழமையுமா?... அன்னிக்கு எல்லாரும் வருவாங்களேக்கா, சிட்டு மேடைமேல நின்னு பாப்பாளே... இல்ல, இல்ல! வேணாம்னு சொல்லல. மாட்டிக்கறேன். மொத வரிசைல நிக்கச் சொன்னாலும் நிக்கறேன். அந்த ரேடியோ எழுதினத மட்டும்... அது என்ன சத்தம்?... கிழிச்சிட்டீங்களா? நெஜமாவா?... சரிக்கா. அட்டை மட்டும். சரி."

அப்பாடா என்று மூச்சு விட்டதில் இடுப்பில் ஓர் ஊசி நறுக்கென்று ஏறியது. அவள் கத்தவில்லை. தெருவில் அம்மா தெரிந்தாள், நூல்கண்டைக் கையில் பொத்திக்கொண்டு, அந்தப் பக்கத்து ஓரத்தில் வண்டிகள் போகக் காத்திருந்தாள்.

"அப்ப வெச்சிடவாக்கா?... ஹலோ?... இருக்கேன், இருக்கேன். கேக்கல, கொஞ்சம் சத்தமா... ஏன் மெதுவா பேசறீங்க?... பேரா? என்ன பேரு?... இன்னொரு தடவ சொல்லுங்க."

அக்கா இன்னொரு தடவை சொன்னாள். நீளமான பெயர். ரயில் மாதிரி. போன புதன்கிழமை குண்டூசிக்கு ஒரு பாயிண்டும் ஓர் அறையும் வாங்கிக்கொடுத்த அதே பெயர்.

ரேடியோவில் படித்ததில் அந்தப் பெயர் இருந்ததா என்றுதான் கேள்வி. குரல் முன்னே மாதிரி இல்லை. போர்வைக்குள்ளிருந்து தலையை எடுத்ததும் அம்மா தண்ணீர் கேட்பாளே, அப்படி இருந்தது. இவளுக்கும் ஓர் அண்ணனோ தம்பியோ லாரி ஓட்டப் போய்த் திரும்பாமல் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பெயர்களின் பட்டியல் இவர்கள் ஆபீசிலும் இருக்கும், ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் கிழித்த தாளுக்குப் பதில் வேறு தாள் எடுத்துக்கொள்வார்கள். பதினொரு வயதில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அறுபது வயதிலும் முடியாது. அம்மா சாலையைக் கடக்க ஆரம்பித்திருந்தாள்.

"அப்படி ஒரு பேர நான் கேட்டதே இல்லக்கா... நிச்சயமாத்தான்... அதான் சொன்னேன்ல, எல்லாம் நான் கட்டிவிட்டதுன்னு. பேரும் இல்ல, ரேடியோவும் இல்ல... இல்லக்கா. இல்ல... அக்கா, நீங்க அழறீங்களா?... ஹலோ?... ஹலோ?..."

கட்.

கொர்ரென்ற சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. லைன் போய்விட்டதா என்று ஒரு தரம், இரண்டு தரம் கேட்டுப் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு குண்டூசி ரிசீவரை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். அக்கா கேட்ட பெயருக்குப் பதில் பாக்கி இருந்தது. இந்தத் தடவை விளையாட்டில்லை, பாயிண்டும் கிடையாது.

"உள்ளேன் அம்மா" என்றாள்.