மைனாவின் முன்பற்கள்

– அந்தப் பிளாஸ்டர் அச்சைக் கீழ வைங்க அண்ணி, இன்னும் காயல. விரல் பதிஞ்சிடும்.

– வெச்சுட்டேன். யாரோட பல்லு இது? இவ்வளவு பெரிசா இருக்கு.

– ஒரு லாரி டிரைவரோடது. கீழ்வரிசையில நாலு பல்லு இல்ல, பல்செட் பண்ணணும். உங்க பொண்ணோட அச்சு ஜன்னல் ஓரமா இருக்கு பாருங்க, நீல டப்பாவுக்குப் பக்கத்துல.

– இதா? இத்தனூண்டு.

– ஒன்பது வயசுப் பிள்ளைக்கு வேற எவ்வளவு இருக்கும்? பக்கவாட்டுல திருப்பிப் பாருங்க. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவுல என் சுண்டுவிரலே நுழையும்.

– தெரியும். தினமும் பாக்கறேனே. ஆமா, அவளைத் தனியா வெளியில விட்டுட்டு வந்திருக்கேன்.

– எங்கயும் போக மாட்டா. மீன்தொட்டி முன்னாடி உக்காந்துட்டா அவளுக்கு உலகமே தெரியாது. நீங்க விஷயத்துக்கு வாங்க. டாக்டரம்மா ஆறு மணிக்குக் கிளம்பிடுவாங்க. இன்னிக்குக் காலையில கூடக் கேட்டாங்க, உன் அண்ணி என்ன முடிவு பண்ணாங்கன்னு. நான் என்ன சொல்லட்டும்?

– பாக்கலாம்னு சொல்லேன்.

– மூணு வாரமா அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். இந்த லேப்ல பிளாஸ்டர் மாவை விட உங்க 'பாக்கலாம்'தான் ஜாஸ்தியாக் கொட்டிக் கிடக்கு.

– சிரிப்பு மூட்டாத. பதினாலு பிள்ளைங்களை ஸ்கூல்லேருந்து ஏத்தி, ஒவ்வொரு வீடா இறக்கி விட்டுட்டு, வேனை நிறுத்த எடம் தேடி, தலை சுத்தி வந்திருக்கேன். டாக்டர் அன்னிக்கு என்ன சொன்னாங்கன்னு இன்னொரு தடவை சொல்லு. பாதி மண்டையில ஏறல.

– சொல்றேன், முழுசா கேளுங்க. ரெண்டு வழி இருக்குன்னாங்க. ஒண்ணு, கழட்டி மாட்டற பிளேட் ஒண்ணை இப்பவே குடுத்து, அவ வளர வளர கீழ்த்தாடையைக் கொஞ்சம் கொஞ்சமா முன்னுக்குக் கொண்டு வர்றது. ஒரு வருஷம் ஆகும். அதுக்கப்புறமும் பன்னெண்டு வயசு வாக்குல கிளிப் போட வேண்டியிருக்கும். இன்னொண்ணு, பால்பல்லு எல்லாம் விழுந்து முடியற வரைக்கும் சும்மா விட்டுட்டு, அப்ப ஒரே வழியாக் கிளிப் போடறது. மைனா விஷயத்துல எப்படிப் போனாலும் கடைசியில கிட்டத்தட்ட ஒரே எடத்துக்குத்தான் வந்து சேருவோம்னாங்க.

– அப்ப பொறுத்தே போட்டுக்கலாமே.

– முழுசா கேளுங்கன்னேனே. முன்பல்லு இப்படி நீட்டிட்டு இருந்தா, விழுந்தா முதல்ல அடிபடறது அதுதான். சரி, அதுக்கு நான் ரப்பர்ல ஒரு உறை செஞ்சு தர்றேன், விளையாடும்போது மாட்டிக்கட்டும். இன்னொண்ணு கேட்டாங்க. இந்தப் பல்லால குழந்தை மனசு கஷ்டப்படுதா? கஷ்டப்பட்டா காத்திருக்க வேணாம், இப்பவே ஆரம்பிச்சிடலாம்னாங்க. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

– அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லன்னேன்.

– டாக்டரம்மா கேட்டே முடிக்கல, நீங்க பதில் சொல்லிட்டீங்க.

– என் பொண்ணை எனக்குத் தெரியாதா?

– கோவிச்சுக்காதீங்க. போன வருஷமே சொன்னேன், ஒரு தடவை காட்டிடலாம்னு. லீவு வரட்டும்னீங்க. லீவு வந்துச்சு, வேன் இன்ஜின் வேலைன்னீங்க. அது முடிஞ்சதும் வெயில்னீங்க. வெயிலுக்கும் பல்லுக்கும் என்ன அண்ணி சம்பந்தம்? நேராவே கேக்கறேன். இதுல உங்களுக்கு என்ன தடங்கல்?

– உன் அண்ணன் போட்டோ உங்கிட்ட எத்தனை இருக்கு?

– எதுக்கு இப்ப? இருக்கும், ஒரு முப்பது நாப்பது.

– ஒண்ணுலயாவது பல்லு தெரியுதா?

– தெரியாது. மூடிக்குவான்.

– எங்க கல்யாணத்துல போட்டோ எடுத்தவருக்கு, சிரிங்க சார், சிரிங்க சார்னு சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு. உன் அண்ணன் பரிட்சை எழுத வந்தவர் மாதிரி உதட்டை இறுக்கிட்டு நின்னாரு.

– ஸ்கூல்ல அவனை எத்துப்பல்லன்னுதான் கூப்பிடுவாங்க. வீட்லயும் கூப்பிட்டோம். நானே கூப்பிட்டிருக்கேன்.

– ஆனா வீட்டுக்குள்ள, கதவைச் சாத்திட்டா, அந்த மனுஷன் சிரிக்கற சிரிப்புல நாற்காலி ஆடும். அத்தனை பல்லும் முன்னாடி வந்து நிக்கும். அவரு போய் நாலு வருஷம் ஆச்சு. குரல் மறக்க ஆரம்பிச்சிடுச்சு. நடை கூட அவ்வளவா ஞாபகம் வரல. சிரிப்பு மட்டும் மறக்கல, ஏன்னா அது என் வீட்டுக்குள்ளயே நடமாடிட்டிருக்கு. மைனா வாயைத் திறந்து சிரிச்சா அப்படியே அவருதான். வேற எங்கயுமே அது இல்ல. ஒரு போட்டோல இல்ல, ஒரு வீடியோல இல்ல. அதைக் கம்பி கட்டி உள்ள தள்ளணும்னு சொல்றீங்க.

– அண்ணி.

– தப்புன்னு தெரியும். அவ பல்லு அவளோடது. என் ஞாபகத்துக்காக ஒரு பிள்ளையோட வாயை அப்படியே வெச்சிருக்க முடியுமா? எல்லாம் தெரியுது. ஆனா சரின்னு சொல்ல வாய் வரல. அதான் பாக்கலாம், பாக்கலாம்னு நாளைக் கடத்தறேன்.

– இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம். அந்த அச்சை நீங்களே எடுத்துட்டுப் போங்க. டாக்டரம்மாகிட்ட சொல்லி வேற ஒண்ணு வார்த்துக்கறேன். எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும்.

– வேணாம்மா. இது சிரிக்காதே.

– உக்காருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க. நானும் உங்ககிட்ட ஒண்ணை மறைச்சு வெச்சிருக்கேன்.

– என்ன?

– அச்சு எடுத்த அன்னிக்கு, வேன் வழியை மறைக்குதுன்னு யாரோ கூப்பிட்டு நீங்க வெளியில போனீங்க இல்லையா? மைனா வாய் கொப்பளிச்சுட்டு மெதுவா என் பக்கத்துல வந்து, இந்தப் பல்லு எப்ப அத்தை சரியாகும்னு கேட்டா. ஸ்கூல்ல யாராவது கிண்டல் பண்றாங்களான்னு கேட்டேன். ஒருத்தன் ஒரு தடவை பண்ணானாம். இவ பதிலுக்கு அவன் காதைப் பத்திச் சொன்னதுல அதோட அடங்கிட்டானாம்.

– அப்புறம் என்னவாம் அவளுக்கு?

– வேன்ல நான் சிரிச்சா அம்மா கண்ணாடியைத் திருப்பி வெச்சுடறா, வீட்ல சிரிச்சா எந்திரிச்சு உள்ள போயிடறா, அம்மாவுக்கு என் பல்லைப் பிடிக்கலன்னு சொன்னா.

– அப்படியா சொன்னா?

– அதனால வாயை மூடிச் சிரிக்கப் பழகிட்டிருக்காளாம். எனக்குச் சிரிச்சுக் காட்டினா. அண்ணன் கல்யாணப் போட்டோல நிக்கற மாதிரியே இருந்துச்சு.

– அவளைப் பாத்தா எனக்குக் கண்ணு கலங்கிடும். வண்டி ஓட்டறவ கண்ணு கலங்கலாமா, பின்னாடி அத்தனை பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு? அதான் கண்ணாடியைத் திருப்புவேன். அவ அதைக் கவனிக்கறான்னு நான் நெனைக்கவே இல்ல.

– எனக்கும் இப்பதான் புரியுது. அன்னிக்கு உங்க மேல கோவமாத்தான் இருந்தேன். அதுக்குத்தான் மூணு வாரமா உங்களை விரட்டினேன்.

– போய் டாக்டர்கிட்ட சொல்லு. பிளேட்டை இப்பவே ஆரம்பிக்கச் சொல்லு. குழந்தை கஷ்டப்பட்டா காத்திருக்க வேணாம்னாங்க இல்ல?

– பிளேட் போட்டா இந்தக் கஷ்டம் போயிடுமா? அவ நெனைச்சது சரின்னு ஆயிடும். அம்மாவுக்குப் பிடிக்காத பல்லு, அதான் அவசர அவசரமா உள்ள தள்றாங்கன்னு காலத்துக்கும் நெனைச்சுக்குவா. இவ்வளவு நாள் ஆரம்பிங்கன்னு சொன்ன நானே இப்ப சொல்றேன். முதல்ல அவகிட்ட பேசுங்க.

– என்னன்னு பேசறது?

– என்கிட்ட சொன்னதையே சொல்லுங்க. கொஞ்சம் சின்னதா.

– நீயும் கூட இரு.

– இருக்கேன். மைனா, இங்க உள்ள வாடா.

– என்ன அத்தை? அந்த ஆரஞ்சு மீன் ரொம்ப நேரமா என்னையே பாத்துட்டிருந்துச்சு. நான் வந்துட்டேன்னு தேடும்.

– தேடட்டும். அம்மா உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

– கிளிப்பா?

– கிளிப் இல்ல. கிட்ட வா. நீ சிரிக்கும்போது அம்மா திரும்பிக்கறேன் இல்ல, அது உன் பல்லு பிடிக்காம இல்லடா. அப்பா சிரிச்சா இதே மாதிரிதான் இருப்பாரு. உன்னைப் பாத்ததும் அவரு ஞாபகம் வந்து எனக்கு அழுகை வந்துடும். நீ அதைப் பாத்துடக் கூடாதேன்னு திரும்பிக்குவேன்.

– அப்பாவுக்கு என் பல்லா?

– ஆமா. அச்சு அசல் உன் பல்லு.

– போட்டோல அப்படி இல்லையே.

– வெளியில சிரிக்க அப்பாவுக்குக் கூச்சம். என்கிட்ட மட்டும்தான் முழுசா சிரிப்பாரு. உன்கிட்டயும்தான், நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப.

– எனக்கு ஞாபகம் இல்லம்மா.

– எனக்கு இருக்கு. இனிமே திரும்பிக்க மாட்டேன். அழுகை வந்தா வண்டியை ஓரமா நிறுத்திட்டு அழுதுக்கறேன். இப்ப நீ சொல்லு. பல்லு உன்னோடது. இப்பவே ஆரம்பிக்கணும்னா இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லிடலாம், அம்மா ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். பொறுக்கலாம்னா பன்னெண்டு வயசுல கிளிப் போடலாம்.

– பன்னெண்டு வயசுல போட்டாலும் நேராயிடுமா அத்தை?

– நல்லாவே ஆயிடும்.

– அப்ப பன்னெண்டு வயசுலயே போட்டுக்கறேன்மா. அதுவரைக்கும் நீ நல்லாப் பாத்துக்க.